யாழ்ப்பாணத்து மணிக்கூடுகளும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவம் 25 தினங்கள் நடைபெறுவது. அந்த நாட்களில் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி என்று எல்லாத் திசைகளில் இருந்தும் எம்மவர்கள் யாழ்ப்பாணம் வந்து சேருகின்றார்கள். வேட்டி சால்வையை இங்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வருபவர்கள்கூட வெறும் மணிக்கட்டுடன் வருவதில்லை. அப்படி இலண்டனில் இருந்து வந்த என் மருமகன், அதாவது தமக்கையாரின் மகன், ஒருநாள் அதிகாலை கோயில் வீதியில் அங்கப்பிரதட்சணம் செய்துவிட்டு வீடு திரும்பினார். மேலெல்லாம் மணல். கழற்ற மறந்துபோன றோலெக்ஸ் மணிக்கூட்டின் செயின் கண்ணிகளுக்குள்ளும் அதே மணல். போதாததற்கு வியர்வையில் கரைந்து வழிந்த சந்தனமும் திருநீறும். கையை அசைத்தால் கரகரவென்று சத்தம் கேட்டது.

"மாமா, இதை வீட்டில கழுவலாமோ? இல்லாட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோகவேணுமோ?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னர் குசினிக்குள் இருந்து தமக்கையார் பதில் சொன்னார்: "ஏன் தம்பி கொழும்புக்கு? இஞ்ச கொண்டா. பழப்புளி போட்டு விளக்கோட சேர்த்து மினுக்கித் தாறன்."

நான் எழுந்து சென்று மணிக்கூட்டை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். புளியால் கெட்ட ஒரு செயினையும் தண்ணீரால் கெட்ட ஒரு மணிக்கூட்டையும் எங்கள் குடும்பம் ஏற்கெனவே கண்டிருக்கின்றது. இரண்டாவது கைங்கரியம் என்னுடையது. அந்தக் கதையைச் சொல்வதற்கு யாழ்ப்பாணத்துக்குக் கைமணிக்கூடு வந்த கதையையும் சற்றே சொல்ல வேண்டியிருக்கின்றது.

தமிழக வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நீங்கள் கடிகாரம் என்று சொல்வதை நாங்கள் மணிக்கூடு என்போம். சுவரில் தொங்குவதும் மணிக்கூடு, கையில் கட்டுவதும் மணிக்கூடு, நகரின் நடுவே கோபுரத்தில் இருப்பதும் மணிக்கூடுதான். அந்த மணிக்கூட்டுக் கோபுரம், 1875 இல் இலங்கைக்கு வருகை தந்த வேல்ஸ் இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட்டின் நினைவாக எழுப்பப்பட்டு 1882 இல் நிறைவடைந்தது. போரில் சேதமடைந்து, பல ஆண்டுகள் நேரம் காட்டாமல் நின்று, 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் காலத்தில் பிரித்தானிய உதவியுடன் திருத்தப்பட்டது. கோபுரத்து மணிக்கூடு இல்லாத காலத்திலும் நகரத்தவர்கள் நேரம் தவறியதில்லை. நல்லூர்க் கோயிலின் பூசைகள் நிமிடம் பிசகாதவை என்பது ஊரறிந்த விடயம். கோயில் மணியோசை கேட்டுத் தம் கைமணிக்கூட்டைச் சரிசெய்துகொண்ட பலரை நான் கண்டிருக்கின்றேன்.

கைமணிக்கூடு குடாநாட்டின் வீடுகளுக்குள் பரவலாக வந்தது மலாயாவின் வழியாக என்பதே என் கணிப்பு. தைப்பிங்கில் இருந்து போர்ட் வெல்ட் வரையிலான மலாயாவின் முதலாவது ரயில் பாதை 1885 இல் திறக்கப்பட்டது. அதை அமைப்பதற்கு இலங்கையில் இருந்து தொழிலாளர் படைப்பிரிவுகள் கொண்டு செல்லப்பட்டன. அவர்களைத் தொடர்ந்து, மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் நில அளவையாளர்களாகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் கப்பலேறினார்கள். ரயில் உத்தியோகம் என்றால் நேரம்தான். உதயமாகி எத்தனை நாழிகை என்று கணக்குப் பார்த்த ஊரில் பிறந்தவர்கள், ஒரு நிமிடம் பிந்தினால் விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டிய வேலைக்குப் போனார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மாற்றம் எத்தகையது என்று விளங்கும்.

அவர்கள் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது 'மலாயன் பென்சனியர்' என்ற பட்டத்துடன் கல்வீடும் சாய்மனைக் கதிரையும் கையில் ஒரு சுவிஸ் மணிக்கூடும் சேர்ந்து வந்தன. என் தாய்வழிப் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். நாங்கள் அப்பு என்று அழைப்போம். கோலாலம்பூரில் ரயில்வே கந்தோரில் பணியாற்றி 1950களின் நடுப்பகுதியில் ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்தது ஓர் ஒமேகா. கூடு எஃகு. நாள்தோறும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அதனுடன் வந்த செயின் தங்க முலாம் பூசப்பட்டது. அந்தச் செயினைத்தான் எங்கள் அம்மம்மா பெருமையாகக் கருதினார். மணிக்கூட்டுக்குள் இருந்த இயந்திரம் அவருடைய கண்ணுக்குத் தெரியவில்லை, செயின் தெரிந்தது.

உலோகச் செயினுக்கு எங்கள் ஊரில் இருந்த மதிப்புக்கு அழகு மட்டும் காரணமன்று. சுவிற்சர்லாந்தின் குளிரில் உருவான தோல்பட்டி, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் பெரிய காரியம். வியர்வை ஊறி, நாற்றம் பிடித்து, தையல் விட்டு அறுந்துபோகும். துருப்பிடிக்காத எஃகுச் செயினுக்கு அந்தத் தொல்லை இல்லை. மணிக்கூட்டுக் கூட்டையும் நீர் புகாதபடி செய்வதில் முன்னோடி றோலெக்ஸ் நிறுவனம். 1926 இல் 'ஒயிஸ்ரர்' என்ற பெயரில், பின்மூடியும் கண்ணாடி வளையமும் சாவிக் குமிழும் திருகி மூடப்படும் கூட்டை அது வெளியிட்டது. மறு ஆண்டு மெர்சிடிஸ் கிளைற்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது அந்த மணிக்கூடு ஒன்றை அணிந்து சென்றார். அது நிற்கவில்லை என்ற செய்தி பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. அன்று தொடங்கிய நம்பிக்கை இது: நல்ல மணிக்கூடு என்றால் தண்ணீருக்குப் பயப்படாது. அரை உண்மைதான். மூடி திருகப்பட்டிருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் இருந்தால், பயப்படாது. விளம்பரத்தில் அந்த 'ஆல்'கள் இடம்பெறுவதில்லை.

எங்கள் வீடுகளில் உலோகத்தைச் சுத்தம் செய்வதற்கு இரண்டு மரபுகள் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று விளக்கு மினுக்கும் மரபு. பழப்புளியும் சாம்பலும் தென்னந்தும்பும் கொண்டு, குந்தியிருந்து, கை நோகத் தேய்ப்பது. பித்தளைக் குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் அது சரியான முறை. புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும், சாம்பல் அதை உரசி எடுக்கும். மற்றது நகை கழுவும் மரபு. பூந்திக்கொட்டையின் தோலை வெந்நீரில் ஊறவைத்து, நுரை வந்ததும் அந்தத் தண்ணீரில் அட்டியலையும் காப்பையும் போட்டு வைத்து, மெல்லிய தூரிகையால் தடவி எடுப்பது. அங்கே தேய்ப்பு இல்லை, காத்திருப்பு உண்டு. தங்கம் தேய்ந்தால் பவுண் குறையும் என்ற கணக்கில் பிறந்த மென்மை அது.

மணிக்கூட்டுச் செயின் இந்த இரண்டில் எந்த மரபுக்குள் சேரும் என்பதை எங்கள் அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க எவரும் இருக்கவில்லை. அது மலாயாவில் இருந்து வந்த புதிய சாமான். மஞ்சளாக இருக்கின்றது, கறுத்துப் போகின்றது, ஆகவே அது விளக்கின் இனம் என்று அவர் முடிவு செய்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் குத்துவிளக்குடன் சேர்த்து அப்புவின் செயினும் புளி கண்டது. முலாம் என்பது மைக்கிரோன் கணக்கில் பூசப்படுவது. 20 மைக்கிரோன் என்று பெருமையாக முத்திரை குத்துவார்கள். ஒரு மில்லிமீற்றரை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு. எத்தனை தீபாவளிக்குத் தாங்கும்? நான் பள்ளி மாணவனாக இருந்தபோதே கண்ணிகளின் விளிம்பில் பித்தளை வெளுத்துத் தெரியத் தொடங்கிவிட்டது. அம்மம்மா அதைப் பார்த்து, ஊத்தை இன்னும் போகவில்லை என்று மேலும் தேய்த்தார். அப்பு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் சாதாரண எஃகுச் செயின் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

1970 முதல் 1977 வரையிலான அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய வெளிநாட்டு மணிக்கூடு என்பது கனவில் காணும் பொருளாயிற்று. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளும் பழக்கம் அப்போது இறுகியது. 1977 இன் பின்னர் சந்தை திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் சீக்கோவும் சிற்றிசனும் கொண்டுவந்தார்கள். அதற்குள் உலகமே மாறியிருந்தது. 1969 டிசம்பர் 25 ஆம் திகதி சீக்கோ நிறுவனம் ரோக்கியோவில் விற்பனைக்கு விட்ட 'அஸ்ரோன்' என்ற குவார்ட்ஸ் கைமணிக்கூட்டுக்குப் பின்னர், பற்றரியில் ஓடும் மணிக்கூடுகள் பத்துப் பதினைந்து வருடங்களில் சுவிஸ் தொழிலின் முதுகெலும்பையே முறித்துவிட்டன. எங்கள் ஊரிலும் அதே கதை. சாவி கொடுக்கும் மணிக்கூடு கட்டியவரைப் பழைய காலத்து மனிதர் என்று இளையவர்கள் கேலி செய்தார்கள். அப்பு காலமான பின்னர் அந்த ஒமேகா என் கைக்கு வந்தது. பத்திரிகைக் கந்தோரில் நானும் அந்தக் கேலிக்குத் தப்பவில்லை.

கேலியை நிறுத்தியது 1990 ஆம் ஆண்டு. அவ்வருடம் ஜூன் மாதத்தில் போர் மீண்டும் வெடித்தது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றுடன் பற்றரியும் இருந்தது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதும், ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து மண்ணெண்ணெய்யைத் துளித்துளியாக எரித்துப் படித்ததும் அந்த ஆண்டுகளில்தான். குவார்ட்ஸ் மணிக்கூட்டின் பொத்தான் பற்றரி இரண்டு அல்லது மூன்று வருடத்துக்குத்தான் வரும். 1992, 1993 அளவில் ஒன்றன்பின் ஒன்றாக அவை நின்றுபோயின. கையில் கட்டிய மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் நேரம் கேட்கும் காட்சியை நாள்தோறும் கண்டோம். அலுமாரிகளின் அடியில் இருந்த மலாயன் பென்சனியர்களின் மணிக்கூடுகள் வெளியே வந்தன. சாவி கொடுத்தால் ஓடும். கையை வீசி நடந்தால் தானே சாவி ஏறும் தானியங்கி மணிக்கூடுகளுக்கு அதுவும் தேவையில்லை. பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் நாங்கள் போதியளவு நடந்தோம்.

இந்த இடத்தில்தான் வீட்டில் சுத்தம் செய்வது என்ற விடயம் முக்கியமாகின்றது. மணிக்கூடு திருத்துபவர்கள் இயந்திரப் பாகங்களைக் கழுவுவது பென்சினில். அது கிடைக்கவில்லை. நல்ல எண்ணெய் கிடைக்கவில்லை. ஆகவே மணிக்கூட்டைக் கழற்றித் துப்புரவாக்கும் வேலை முடங்கியது. உள்ளே அழுக்குப் போகாமல் வெளியே சுத்தமாக வைத்திருப்பது ஒன்றே மிச்சமாக இருந்த வழி. சவர்க்காரமும் தட்டுப்பாடு. பெண்கள் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். முன்னோர் செய்த முறைதான், மறந்துபோயிருந்தோம்.

கிடைத்த சவர்க்காரமும் செயினுக்கு உகந்ததன்று என்பதை அப்போதுதான் நான் கண்டுகொண்டேன். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் பிடிப்பது எல்லோரும் அறிந்தது. வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது, சுண்ணாம்புடன் சேர்ந்து தயிர்க்கட்டி போலத் திரியும். அந்தத் திரிவு கண்ணிகளின் இடுக்கில் போய் உட்கார்ந்தால் வியர்வை உப்பும் தூசும் அதில் ஒட்டி, முன்பு இருந்ததைவிட அழுக்காகிவிடும். பூந்திக்கொட்டை நுரைக்கு அந்தக் குறை இல்லை. அது வன்னீரில் திரிவதில்லை. எங்கள் பாட்டிமார் நகைக்கு அதைத் தெரிந்தெடுத்ததற்கு இரசாயனக் காரணம் ஒன்று இருக்கின்றது என்று பின்னாளில் வாசித்து அறிந்தேன்.

எனக்கு இருந்தது வேறு வகையான அழுக்கு. அச்சகத்தின் மை. அந்நாட்களில் அச்சுத்தாள் வராத காரணத்தால் 'உதயன்' பத்திரிகை அப்பியாசக் கொப்பித் தாளில் வெளிவந்ததை அக்கால வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆசிரிய பீடத்தில் இருந்தவர்களும் அச்சு இயந்திரத்துக்குக் கைகொடுத்த காலம் அது. அச்சக ஊழியர்கள் மை பிடித்த கையை மண்ணெண்ணெய்யில் துடைப்பார்கள். நானும் அதே துணியால் செயினைத் துடைத்தேன். மை போயிற்று, உண்மை. ஆனால் மண்ணெண்ணெய் பட்டால் பழைய ரப்பர் ஊதிப்போகும், இறுக்கம் இழக்கும். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ஊர் தவமிருந்த நாட்களில் அதை மணிக்கூட்டில் பூசி அதன் பாதுகாப்பு வளையத்தையும் கெடுத்துக்கொண்டவன் நான் என்று எழுதுவதற்கு இன்றும் கூச்சமாக இருக்கின்றது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. மழை. சனசமுத்திரத்துக்குள் ஓர் அடி வைக்கப் பல நிமிடம். புறப்படுவதற்கு முன்னர் நகைகளையும் மணிக்கூடுகளையும் பேணிக்குள் போட்டு வீட்டு வளவில் புதைத்துவிட்டு வந்தவர்கள் பலர். திரும்பி வந்து தோண்டியபோது தங்கம் தங்கமாகவே இருந்தது. மணிக்கூடுகளை மண்ணின் ஈரம் குடித்திருந்தது. நான் ஒமேகாவைப் புதைக்கவில்லை. அந்த இரவு அது என் கையில் இருந்தது. நனைந்தும் நிற்கவில்லை. சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஆறு மாதம், அது காட்டிய நேரத்துக்கு இருபது குடும்பங்கள் சோறு வடித்தன.

1996 ஏப்ரல் மாதத்துப் பிற்பகுதியில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமானதும் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். நாங்களும் வந்தோம். மே 25 ஆம் திகதி இலங்கை அரசாங்கம் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்த நாங்கள் ஆறரை மணித்தியாலம் முன்னே போனோம். நானும் சாவிக் குமிழை இழுத்து முள்ளைத் திருப்பினேன். பின்னர், ஆறு மாதத்துத் தென்மராட்சி மண்ணும் வியர்வையும் செயினில் இறுகிக் கிடப்பதைக் கண்டு, வீடு கழுவி முடித்த கையோடு மணிக்கூட்டையும் கிணற்றடிக்குக் கொண்டு சென்றேன். வாளித் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி, தூரிகையால் நன்றாகத் தேய்த்தேன்.

குமிழை உள்ளே தள்ள மறந்துவிட்டேன்.

புதிய மணிக்கூடுகள் பலவற்றில் குமிழை இழுத்ததும் விநாடி முள் நின்றுவிடும். பழைய அந்த ஒமேகா இழுத்த நிலையிலும் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் எனக்குத் தெரியவில்லை. மாலையில் கண்ணாடிக்குள் மூடுபனி படிந்திருந்தது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். எல்லா வீடுகளிலும் சொல்லும் வைத்தியம் அது. அரிசி ஈரத்தை இழுக்கும் அளவு அற்பம், அதன் மா இடுக்குகளில் ஏறுவதுதான் மிச்சம். மூன்று கிழமையில் முகப்பில் செம்மஞ்சள் படர்ந்தது. மணிக்கூடு நின்றது. திருத்துபவர் ஒருவர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மயிரிழைச் சுருளில் துரு ஏறிவிட்டது என்றார். "தண்ணி போன அண்டைக்கே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்று அவர் சொன்னது உண்மை. ஷெல்லுக்கும் மழைக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய மணிக்கூட்டை நான் ஒரு வாளித் தண்ணீரில் கொன்றேன்.

அதே ஆண்டு ஒக்ரோபர் 26 ஆம் திகதி நேரம் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15 ஆம் திகதிதான் மறுபடியும் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின்னர், முகமாலையைக் கடந்து பளைப் பக்கம் போனவர்கள் அரை மணித்தியாலம் இளமையடைந்தார்கள், ஓமந்தையைத் தாண்டியதும் அதை இழந்தார்கள். பேருந்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் குமிழை இழுத்துத் திருப்புவதைக் காணும் போதெல்லாம், "தள்ளிப் போடுங்கோ, தள்ளிப் போடுங்கோ" என்று சொல்ல வேண்டும் போல எனக்கு வாய் உன்னும். வீதி திறந்ததும் பற்றரிகள் தாராளமாக வந்தன. பத்து வருடம் அலுமாரிக்குள் கிடந்த குவார்ட்ஸ் மணிக்கூடுகளை ஆவலுடன் கொண்டுபோனவர்கள் பலர் ஏமாந்தார்கள். செத்த பற்றரியைக் கழற்றாமல் விட்டதால் அது கசிந்து உள்ளே அரித்திருந்தது.

மருமகனின் றோலெக்ஸுக்கு வருவோம். அவருக்கு நான் செய்து காட்டியதை, கேட்டு எழுதும் வாசகர்களுக்காகவும் இங்கே சொல்கின்றேன். முதல்நாள் இரவே கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் கல் தங்க மேலாக வடித்து எடுத்துக்கொண்டேன். பூந்திக்கொட்டையில் விதையை நீக்கி ஐந்தாறு தோலை ஊறவைத்துத் துணியில் வடித்தேன். பூந்திக்கொட்டைக்கு எங்கே போவது என்று கேட்கும் இலண்டன்காரர்கள் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு துளி விட்டுக்கொள்ளலாம். பாத்திரம் விளக்கும் தூள் வேண்டாம், பற்பசை வேண்டாம், வெளிற்றும் குளோரின் திரவம் அறவே வேண்டாம். எஃகுக்குத் துருப்பிடிக்காது என்று பெயரே தவிர, குளோரினும் உப்பும் இடுக்கில் தங்கினால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். பண்ணைக் கடலிலோ கசூரினாவிலோ குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசாமல் விடுபவர்கள் இதை மனதில் வைத்தல் நன்று.

குமிழ் திருகி மூடப்பட்டிருக்கின்றதா என்று நான் மூன்று முறை பார்த்தேன். மருமகன் சிரித்தார். பின்னர், தேய்க்காமல், தூரிகையும் போடாமல், சருவச்சட்டிக்கு மேலே பிடித்து வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி மணலை இறக்கினேன். இதுதான் முக்கியம். மணலில் உள்ள படிகக்கல் கடினத்தில் 7, எஃகு அதற்குக் கீழே. மணல் இருக்கும்போது தேய்த்தால் செயினின் மினுக்கம் முழுவதும் கீறலாகிவிடும். நீலமணிக் கண்ணாடிக்குக் கடினம் 9 என்பதால் அது தப்பும், செயின் தப்பாது. மணல் இறங்கிய பிறகே பூந்திக்கொட்டைத் தண்ணீர். இளஞ்சூடு போதும். சுடுநீர் பட்டால் உள்ளே காற்று விரியும், ஆறும்போது சுருங்கி வெளி ஈரத்தை இழுக்கும். குழந்தைகளுக்கான மென்மையான பற்தூரிகையால் கண்ணிகளின் குறுக்கே, பின்மூடியைச் சுற்றி, கொளுக்கியைத் திறந்து அதன் உட்புறம் என்று மெதுவாகத் தடவினேன். அழுக்கு அதிகம் தங்குவது கொளுக்கிக்குள்தான், எவரும் திறந்து பார்ப்பதில்லை. பொத்தான்கள் உள்ள மணிக்கூடானால் தண்ணீரில் இருக்கும்போது அவற்றை அமுக்கக் கூடாது. கடைசியாக, வடித்து வைத்த தண்ணீரில் இருமுறை அலசி, பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி, நிழலில் அரை நாள் காயவிட்டேன். வெயிலிலும் வைக்கவில்லை, தலைமயிர் உலர்த்தும் இயந்திரத்தையும் பிடிக்கவில்லை.

இவ்வளவும் திருகு மூடி உள்ள, உரிய காலத்தில் ரப்பர் வளையம் மாற்றப்பட்ட மணிக்கூட்டுக்கு. அப்புமாரின் பழைய மணிக்கூடுகள் வைத்திருப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். செயினைக் கழற்றுவித்து அதை மட்டும் கழுவுங்கள், கூட்டைச் சற்றே ஈரமான துணியால் துடையுங்கள். ஆர்வக் கோளாறில் பின்மூடியைத் திறப்பதும் கூடாது. 1960களுக்கு முந்திய, இருளில் ஒளிரும் முள் உள்ள மணிக்கூடுகள் பலவற்றில் பூசப்பட்டிருப்பது ரேடியம். ஒளி மங்கினாலும் அதன் கதிர்வீச்சு மங்குவதில்லை.

சருவச்சட்டியின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு நல்லூர் மணல் தங்கியிருந்தது. அதற்கு மேலே தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் நின்றது. சந்தனமும் இலண்டன் ரயில்களின் தூசும் சேர்ந்த நிறமாக இருக்க வேண்டும். தமக்கையார் வந்து எட்டிப் பார்த்தார். முதலில் செயினை, பின்னர் மகனின் கையை, பின்னர் சட்டியை. விளக்கு மினுக்குவதற்கு என்று கரைத்து வைத்த புளி இன்னமும் குசினிப் படியில் இருந்தது.

"மிச்ச பூந்திக்கொட்டைத் தண்ணியை ஊத்திப் போடாத" என்றார் என்னிடம். "என்ர காப்பு ரெண்டையும் அதுக்குள்ள போடவேணும்."